பிரசவத்துக்கு டூலா வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இரண்டு குழந்தைகள். முதல் பிரசவத்தில் டூலா இல்லை. அப்படி ஒருவர் உண்டு என்பதே அப்போது எனக்குத் தெரியாது. இரண்டாவதில் இருந்தார். அன்றிலிருந்து மாதமாக இருக்கும் தோழிகளும், தோழிகளின் தோழிகளும் போன் செய்து கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவரிடமும் முக்கால் மணி நேரம் பேசுவதற்குப் பதிலாக எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை, டூலாவும் இல்லை. டூலாவுக்குக் காசு கொடுத்த ஒருத்தி. அந்த இடத்திலிருந்துதான் பேசுகிறேன்.

டூலா என்றால் யார்?

வலி எடுத்ததிலிருந்து குழந்தை பிறந்து ஓரிரு மணி நேரம் ஆகும்வரை உங்கள் பக்கத்தை விட்டு நகராமல் இருப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர். இடுப்பைப் பிடித்துவிடுவார். மூச்சை நிதானமாக்க உதவுவார். எப்படி நின்றால், எப்படிச் சாய்ந்தால் வலியைத் தாங்கலாம் என்று காட்டித் தருவார். என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் கணவருக்கும் ஒரு வேலை கொடுப்பார். மருத்துவம் மட்டும் பார்க்க மாட்டார்.

சொல் கிரேக்கம். பணிப்பெண் என்று பொருள். பழைய வழக்கில் அடிமைப்பெண். டானா ராபேல் என்ற மானுடவியலாளர் 1973-ல் தாய்ப்பாலூட்டுவது பற்றி எழுதிய புத்தகத்தில், பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இந்தப் பெயரை வைத்தார். பிரசவ அறைக்குள் அந்தச் சொல் வந்தது அதற்குப் பிறகுதான். 1992-ல் வட அமெரிக்காவில் டோனா என்ற அமைப்பு தொடங்கி, பயிற்சியும் சான்றிதழும் கொடுக்க ஆரம்பித்தது.

டூலாவும் மருத்துவச்சியும் ஒன்றா?

இல்லை. மருத்துவச்சி பிரசவம் பார்ப்பவர். கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று சோதிப்பது, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பது, ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவது, தையல் போடுவது எல்லாம் அவருடைய வேலை. டூலா இதில் ஒன்றையும் தொடக்கூடாது. "நானே உள்ளே பரிசோதித்துச் சொல்கிறேன்" என்று ஒரு டூலா சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார். இவர் வேறு எதற்கு?

என் முதல் பிரசவம் 14 மணி நேரம். அதற்குள் மூன்று நர்ஸ்களைப் பார்த்துவிட்டேன். மூவரும் நல்லவர்கள். மூவரும் என் பெயரையும், இது எத்தனையாவது குழந்தை என்பதையும் புதிதாகக் கேட்டார்கள். ஒவ்வொருவர் பொறுப்பிலும் என்னைப் போல இன்னும் மூன்று நான்கு பேர். உள்ளே வருவார், முதலில் மானிட்டரைப் பார்ப்பார், வயிற்றில் கட்டியிருந்த பெல்ட்டை இழுத்துச் சரிசெய்வார், ஏதோ எழுதுவார், "இன்னும் நேரம் இருக்கு" என்பார், போய்விடுவார். டாக்டர் வந்தது இரண்டு முறை. யாரையும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆபத்தில்லாமல் பிள்ளையை வெளியே கொண்டுவருவது அவர்கள் வேலை, அதைச் சரியாகச் செய்தார்கள். ஆனால் ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் நடுவில் அந்த அறையில் இருந்தது நானும் சுவர்க் கடிகாரமும்தான்.

இரண்டாவது பிரசவத்தில் குழந்தையின் பின்னந்தலை என் முதுகுப் பக்கமாகத் திரும்பியிருந்தது. வயிற்றில் வலியே இல்லை, மொத்தமும் நடு இடுப்பில். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கச் சொன்னார் டூலா. ஒவ்வொரு வலி கிளம்பும்போதும் உள்ளங்கையின் அடிப்பாகத்தை என் முதுகுத்தண்டு முடிகிற தட்டையான எலும்பில் வைத்து, தன் உடம்பின் பாரத்தை அதன்மேல் சாய்த்தார். தேய்க்கவில்லை, நீவவில்லை, அழுத்தம் மட்டும். வலி இறங்கியதும் கையை எடுத்துவிட்டு, ஸ்ட்ரா போட்ட தண்ணீர் பாட்டிலை என் வாய்க்கு நேராகப் பிடிப்பார். "தண்ணி வேணுமா" என்று கேட்கவே மாட்டார். கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஸ்ட்ரா உதட்டில் பட்டால் வாய் தானாக உறிஞ்சும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இப்படியே நான்கு மணி நேரம். எலும்பில் அழுத்துவதை பத்து நிமிடத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். அதை நான்கு மணி நேரம், நடுவில் போனை எடுக்காமல் செய்ய ஓர் ஆள் வேண்டியிருந்தது.

இதனால் பலன் இருப்பதாக ஆராய்ச்சி சொல்கிறதா, வெறும் மன ஆறுதல்தானா?

வெறும் என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். பயந்தால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசினுக்குப் பதற்றம் ஆகாது. பிரசவ அறையில் மனசு வேறு உடம்பு வேறு என்று பிரிக்க முடியாது.

ஆராய்ச்சிக்கு வருகிறேன். மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் ஆகிய இரண்டு குழந்தை மருத்துவர்களும் அவர்களோடு இருந்தவர்களும் குவாத்தமாலாவில் செய்த ஆய்வு 1980-ல் வெளிவந்தது. முன்பின் தெரியாத, பயிற்சி ஏதுமில்லாத ஒரு பெண்ணைத் தாயின் பக்கத்தில் துணைக்கு இருக்கச் செய்தார்கள். மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கும்வரை, துணை இருந்தவர்களுக்குச் சராசரியாக 8.8 மணி நேரம் பிடித்தது. துணை இல்லாதவர்களுக்கு 19.3. ஒப்பிட்டது 40 தாய்மார்களை மட்டும் என்பதால் இந்த எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம்.

எனக்குப் பிடித்தது 1991-ல் வந்த அடுத்த ஆய்வு. ஹூஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில், 616 பெண்கள், மூன்று குழுக்கள். முதல் குழுவுக்கு டூலா. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. நடுவில் ஒரு குழுவுக்கு, அறையின் ஒரு மூலையில் உட்கார்ந்து குறிப்பு எடுக்க ஒரு பெண் இருந்தார். தாயிடம் பேசக்கூடாது, கிட்டே போகக்கூடாது. சிசேரியன் கணக்கைப் பாருங்கள்: டூலா இருந்த குழுவில் 8 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 18 சதவீதம், மூலையில் வாய் திறக்காமல் ஒருத்தி உட்கார்ந்திருந்த குழுவில் 13 சதவீதம். தொடவில்லை, பேசவில்லை, சும்மா இருந்தாள். அதற்கே அவ்வளவு வித்தியாசம். என் முதல் பிரசவத்துச் சுவர்க் கடிகாரத்தை நினைத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2017-ல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. 17 நாடுகள், 26 ஆய்வுகள், 15,858 பெண்கள். தொடர்ந்து ஒரு துணை இருந்தால் சிசேரியன் ஆவது சுமார் கால் பங்கு குறைகிறது, பிரசவ நேரம் சராசரியாக 40 நிமிடம் குறைகிறது, பிரசவ அனுபவம் மோசமாக இருந்தது என்று சொல்பவர்களும் குறைகிறார்கள். சான்றுகளின் தரம் குறைவு என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். குவாத்தமாலாவில் பத்தரை மணி நேரம், இங்கே 40 நிமிடம். எதிர்பார்ப்பை இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 13 மருத்துவமனைகளில், 6,915 பெண்களிடம் நடந்த ஆய்வு 2002-ல் வந்தது. அங்கே துணையாக இருந்தவர்கள் அதற்கெனப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள். சிசேரியன் ஒரு குழுவில் 12.5 சதவீதம், இன்னொன்றில் 12.6. வித்தியாசமே இல்லை. நான் இதை எப்படிப் புரிந்துகொள்கிறேன் என்றால், மருத்துவமனையின் ஊழியர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் அந்த இடத்தின் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர். மருத்துவமனை ஊழியராகவும் இல்லாமல், சொந்தக்காரராகவும் இல்லாமல் துணைக்கென்றே வருகிறவர் இருக்கும்போதுதான் சிசேரியன் அதிகம் குறைகிறது என்பது காக்ரேன் மதிப்பாய்விலும் தெரிகிறது.

அப்படியானால் டூலா வைத்தால் சுகப்பிரசவம் நிச்சயமா?

நிச்சயம் என்று யார் சொன்னாலும் அவரை வைக்காதீர்கள்.

கணவர் கூடவே இருப்பார். போதாதா?

சிலருக்குப் போதும். உங்கள் கணவர் உங்களைக் கேட்காமலேயே புரிந்துகொள்பவர், ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றாதவர், ராத்திரி முழுக்க விழித்திருக்கக் கூடியவர் என்றால் யோசித்துச் செலவு செய்யுங்கள்.

ஆனால் ஒன்று. 2008-ல் வந்த ஓர் ஆய்வில் 420 பெண்கள், எல்லாருக்கும் முதல் பிரசவம், எல்லாரோடும் கணவரோ துணைவரோ இருந்தார். அதில் பாதிப் பேருக்கு, கூடவே ஒரு டூலா. சிசேரியன், டூலா இருந்தவர்களில் 13.4 சதவீதம், இல்லாதவர்களில் 25 சதவீதம். கணவர் இருந்தும் டூலாவுக்கு வேலை இருந்திருக்கிறது.

காரணம் எனக்கு என் வீட்டிலேயே தெரியும். என் கணவர் முதல் பிரசவத்தில் வெளியே நிற்க வேண்டியிருந்தது. இரண்டாவதில் உள்ளே இருந்தார். முதல் ஒரு மணி நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அடிக்க வேண்டும் போல இருந்தது. டூலா அவரைக் கூப்பிட்டு, என் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து, "நீங்க எதுவும் சொல்ல வேண்டாம் சார், அவங்க தலை சாயறதுக்குத் தோள் மட்டும் கொடுங்க" என்றார். அதன்பிறகு அவர் பிரமாதமாக இருந்தார். நடுவில் ஒரு மணி நேரம் தூங்கவும் அனுப்பினார் டூலா. குழந்தை வந்தபோது தெம்போடு விழித்திருந்தவர் அவர் மட்டும்தான்.

அம்மாவோ அக்காவோ தோழியோ இருந்தால்?

நல்லதுதான். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் தந்த பரிந்துரையிலும், பிரசவம் முழுக்க ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் விரும்புகிற துணை இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அந்தத் துணை டூலாவாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

பணம் இடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஆய்வு 2006-ல் வந்தது. 600 கர்ப்பிணிகள். அவர்களில் ஒரு பாதியினர், தாங்களே தேர்ந்தெடுத்த ஒரு தோழியையோ உறவுக்காரப் பெண்ணையோ அழைத்து வந்தார்கள். அந்தத் துணைக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் பயிற்சி. பிரசவ நேரம் 11.7 மணியிலிருந்து 10.4 மணியாகக் குறைந்தது. சிசேரியன் விகிதம் மட்டும் குறையவில்லை. நான்கு மணி நேரப் பயிற்சிக்கு இது நல்ல வரவு என்பேன்.

துணையைத் தேர்ந்தெடுக்கும்போது அன்பை மட்டும் அளக்காதீர்கள். நீங்கள் வலியில் கத்தும்போது அந்த ஆள் அழுவாரா? அவர் முன்னால் உடை நெகிழ்ந்து கிடப்பதில் உங்களுக்குக் கூச்சம் வருமா? தன் பிரசவக் கதையை அங்கேயே ஆரம்பித்துவிடுவாரா? என் அம்மா என்மேல் உயிரையே வைத்திருப்பவர். நான் முனகினால் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். அவரைப் பார்த்துக்கொள்ள இன்னோர் ஆள் தேவைப்பட்டிருக்கும்.

நான் எபிடூரல் (வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசி) போட்டுக்கொள்ளப் போகிறேன். டூலா என்னைத் தடுப்பாரா?

தடுத்தால் அவர் தன் வேலையைச் செய்யவில்லை. ஊசியே வேண்டாம் என்பவர்களுக்குத்தான் டூலா என்ற நினைப்பு எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டுவிட்டது. எபிடூரல் போடும்வரை பல மணி நேரம் வலி இருக்கும். அங்கே உதவி வேண்டும். போட்ட பிறகு கால் மரத்துவிடும், தானாகத் திரும்பிப் படுக்க முடியாது. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவே நிலக்கடலை வடிவப் பந்தையோ தலையணையையோ வைத்து இடுப்பெலும்பை அகலப்படுத்துவது டூலாக்களின் வழக்கமான வேலை. வலி இல்லையென்றால் பயமும் இருக்காது என்றும் நினைக்காதீர்கள்.

சிசேரியன் என்று தேதியே குறித்தாகிவிட்டது. அப்போதும் வேண்டுமா?

அவசியம் குறைவு. ஆபரேஷன் தியேட்டருக்குள் பெரும்பாலும் ஒருவருக்குத்தான் அனுமதி, சில இடங்களில் அதுவும் இல்லை. அந்த ஒருவர் கணவரா டூலாவா என்பது நீங்கள் முடிவுசெய்ய வேண்டியது. நான் கணவரை அனுப்புவேன். டூலாவின் நேரத்தை அதற்கடுத்த மூன்று நாட்களுக்கு வைத்துக்கொள்வேன்: தையலோடு எழுந்து உட்கார, பால் கொடுக்கும்போது குழந்தை வயிற்றில் உதைக்காதபடி பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்க, ராத்திரியில் ஒரு கைக்கு.

எனக்காக டாக்டரிடம் பேசுவாரா?

உங்களைப் பேச வைப்பார். நல்ல டூலா டாக்டரோடு வாதம் செய்ய மாட்டார், உங்களுக்காக முடிவும் எடுக்க மாட்டார். எனக்கு வலியைத் தூண்டும் மருந்தை டிரிப்ஸில் ஏற்ற வேண்டும் என்று சொன்னார்கள். நான் தலையை ஆட்டப் போனேன். டூலா என் காதருகே வந்து, "ஏன்னு கேக்கணுமா? கொஞ்சம் யோசிக்க டைம் வேணுமா?" என்றார். கேட்டேன். டாக்டர் விளக்கினார்: ஆறு மணி நேரமாக ஏழு சென்டிமீட்டரிலேயே நிற்கிறது, குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, அரை மணி நேரம் பார்க்கலாம். அந்த அரை மணி நேரம் நடந்தேன், படி ஏறுவது போல ஒரு காலை ஸ்டூல்மேல் வைத்து வைத்து எடுத்தேன். மாற்றம் இல்லை. டிரிப்ஸ் ஏற்றினார்கள். முடிவு டாக்டர் முதலில் சொன்னதேதான். ஆனால் என்ன ஏறுகிறது, எதற்கு ஏறுகிறது என்று தெரிந்து கையை நீட்டினேன்.

எப்போது தேட ஆரம்பிக்க வேண்டும்?

ஐந்தாம் மாதம் முடிந்ததிலிருந்து ஏழாம் மாதத்துக்குள் பேசி வைத்துவிட்டால் நிம்மதி. ஒன்பதாம் மாதத்தில் கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். வழக்கமான ஏற்பாட்டில் பிரசவத்துக்கு முன் இரண்டு மூன்று சந்திப்பு, 37 அல்லது 38-ஆவது வாரத்திலிருந்து எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவதற்குத் தயாராக இருப்பது, பிரசவம், பிறகு ஒன்றிரண்டு முறை வீட்டுக்கு வந்து பார்ப்பது எல்லாம் அடங்கும்.

நேரில் பார்க்கும்போது என்ன கேட்பது?

எத்தனை பிரசவம் பார்த்தீர்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். அதைவிட, "ஒரு மாதத்துக்கு எத்தனை பேரை ஒப்புக்கொள்வீர்கள்?" என்பது முக்கியம். ஐந்தாறு என்றால் இரண்டு பேருக்கு ஒரே ராத்திரியில் வலி எடுக்க வாய்ப்பு அதிகம். அப்படி ஆனால் பதிலுக்கு வருபவர் யார், அவரை நான் முன்கூட்டியே பார்க்க முடியுமா என்று கேளுங்கள். வலி 24 மணி நேரத்தைத் தாண்டினால் நீங்களே இருப்பீர்களா, ஆள் மாறுமா? நான் வீட்டில் இருக்கும்போதே வருவீர்களா, மருத்துவமனைக்கு மட்டும்தானா? முதல் பிரசவம் என்றால் இது பெரிய கேள்வி. ஆரம்பக் கட்ட வலி ஒரு நாள் முழுக்கக்கூட விட்டுவிட்டு வரும், அதை வீட்டில் கழிக்கத் துணை இருந்தால் பெரிய உதவி.

கடைசியாக ஒன்றை நேராகக் கேட்காமல் கவனியுங்கள். "நீங்கள் பார்த்ததில் சிக்கலான பிரசவம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள். கதையில் டாக்டர்கள் எல்லாம் வில்லன்களாகவும் தான் மட்டும் நாயகியாகவும் வந்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். நான் முதலில் பார்த்தவர் அப்படித்தான் இருந்தார். சான்றிதழ்கள் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தன. முக்கால் மணி நேரத்தில் என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரண்டாவது பார்த்தவர் முதலில் கேட்டதே "முதல் பிரசவத்துல எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" என்றுதான். பதில் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவரையே வைத்துக்கொண்டேன்.

சான்றிதழ் கட்டாயமா?

பெரும்பாலான நாடுகளில் டூலாவுக்கு அரசு உரிமம் என்று ஒன்று கிடையாது. சில நாட்கள் வகுப்பு முடித்தவரும் தன்னை டூலா என்று சொல்லிக்கொள்ளலாம். சான்றிதழ் இருந்தால் அவர் எதைத் தொடக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த அளவுக்கு மதிப்புக் கொடுத்தால் போதும். அவரோடு இருந்த இரண்டு தாய்மார்களிடம் பேசிப் பார்ப்பது மேல்.

பணத்துக்குத் தகுமா?

இதற்கு எல்லாருக்கும் பொதுவான பதில் இல்லை. கடன் வாங்கி வைக்காதீர்கள் என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன். பயிற்சியில் இருக்கிற டூலாக்கள் குறைந்த தொகைக்கோ இலவசமாகவோ வருவதுண்டு. சான்றிதழ் பெற அவர்களுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிரசவங்கள் தேவைப்படும். அனுபவம் குறைவுதான். ஆனால் மூலையில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த ஹூஸ்டன் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: திடீரென்று சிசேரியன் ஆனால், டூலா வருவதற்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டால், அவரே வராமல் போனால், எவ்வளவு திரும்ப வரும் என்பது. வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

மருத்துவமனை உள்ளே விடுமா?

முதலில் இதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். எத்தனை பேருக்கு அனுமதி, கணவரும் டூலாவும் சேர்ந்தே இருக்கலாமா, ராத்திரியிலும் அதே விதிதானா என்று கேட்டு, சொன்னவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். திடீரென்று லேபர் வார்டில் அறிமுகமில்லாத ஒருவர் நின்றால் யாருக்கும் எரிச்சல் வரும்.

யாருக்கு டூலா தேவைப்படாது?

நீங்கள் பெறப்போகும் இடத்தில் ஒரு தாய்க்கு ஒரு மருத்துவச்சி என்று கடைசிவரை கூடவே இருப்பார்கள் என்றால். ஏற்கெனவே சொன்ன மாதிரி திடமான துணை வீட்டிலேயே இருந்தால். அறையில் ஆள் இருந்தாலே உங்களுக்குப் பிடிக்காது என்றால். அப்படிப்பட்ட பெண்களும் இருக்கிறார்கள், என் நாத்தனார் அந்த ரகம். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வலியைத் தாங்கியதுதான் அவருக்கு நிம்மதியாக இருந்ததாம். போன பிரசவம் மனசில் ஆறாத காயமாக இருக்கிறது, இந்த ஊரில் நமக்கென்று யாரும் இல்லை, கணவர் தூரத்தில் வேலை பார்க்கிறார், குழந்தை தங்காமல் போன பிறகு மறுபடியும் உண்டாகியிருக்கிறது என்பவர்களுக்கு நான் தயங்காமல் வைத்துக்கொள் என்பேன்.

பிரசவத்துக்குப் பிறகு வரும் டூலா என்பது வேறா?

வேறு. பிறந்த பிறகு சில வாரங்கள் வீட்டுக்கு வந்து தாயைப் பார்த்துக்கொள்பவர். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு உங்களைத் தூங்கச் சொல்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்தில் துணை இருந்து, பிறகு வீட்டில் யாரும் இல்லாதவர்கள் இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதையும் யோசிக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் அழுகை, குழந்தைமேல் பற்று வரவில்லை, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறது என்றால் டூலா போதாது, உடனே டாக்டர்.

வலி எடுத்தால் முதலில் யாருக்குப் போன் செய்வது?

சாதாரண வலி என்றால் டூலாவுக்குச் செய்யலாம். ரத்தம் போகிறது, பனிக்குடம் உடைந்து தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வருகிறது, குழந்தையின் அசைவு குறைந்துவிட்டது, தலைவலி தாங்கவில்லை, கண் மங்குகிறது, காய்ச்சல், 37 வாரம் ஆவதற்குள் வலி என்றால் டூலாவைத் தேடிக்கொண்டு இருக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போன், வண்டி, அப்புறம்தான் மற்றவர்கள். "முதலில் எனக்குச் சொல்லுங்கள், நான் பார்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போகலாமா என்று சொல்கிறேன்" என்கிற டூலா ஆபத்தானவர்.

பேசி வைத்த டூலா அன்றைக்கு வராமல் போனால்?

என் தோழி ஒருத்திக்கு நடந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு வலி, டூலாவின் போன் அணைந்திருந்தது. பதிலுக்கு வருவார் என்று பெயர் கொடுத்திருந்தவரும் வெளியூர். எட்டு மணிக்கு டூலா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தபோது குழந்தை பிறந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பணத்தில் பாதி திரும்பக் கிடைத்தது, அதுவும் எழுதி வாங்கியிருந்ததால்.

நடுவில் என்ன செய்தாள் என்று கேட்டேன். டூலாவோடு நடந்த சந்திப்புகளுக்கு அவள் கணவரும் போயிருந்தார். இடுப்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கைகளை வைத்து உள்நோக்கி அழுத்துவதை அங்கே அவருக்கும் கற்றுக் கொடுத்திருந்தார்கள். அதை நான்கு மணி நேரம் செய்திருக்கிறார். மறுநாள் நான் பார்க்கப் போனபோது தோழி எழுந்து உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்தான் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு, டீ டம்ளரை இடது கையில் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.